மச்சான் பார்க்காத ஆட்டங்கள்

எனக்குக் கல்யாணமாகிக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடிவந்த புதிதில், என் கணவருக்கும் என் தம்பிக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அவர் செம்மங்குப்பம் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தார். தம்பி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். சனிக்கிழமையானால் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். இரண்டு பேரும் கூடத்தில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்காருவார்கள். "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சு மச்சான். நீ?" அத்தோடு முடிந்தது. அப்புறம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இவர்களை எப்படிப் பேச வைப்பது என்று கவலைப்படுவேன்.

2004 கடைசியில் ஒரு நாள், அவர் டிவி சேனலை மாற்றிக்கொண்டே போனவர் ஒரு கால்பந்து ஆட்டத்தில் நிறுத்தினார். தம்பி நாற்காலி நுனிக்கு வந்தான்.

"நீங்க பாப்பீங்களா மாமா?"

"பாக்காம? நம்ம டீமாச்சே இது."

"இதுவா? போங்க மாமா. கெழவனுங்க டீமு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் அமைதியைப் பார்க்கவில்லை.

அவருடையது இத்தாலிக்கார அணி. கறுப்பும் சிவப்புமாகக் கோடு போட்ட சட்டை. தம்பியுடையது இங்கிலாந்து அணி, முழுச் சிவப்பு. அவர்கள் சொன்ன பெயர்களெல்லாம் என் வாயில் நுழையவில்லை. கோடு, செவப்பு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு நல்ல அணிகளைப் பொறுக்கி, அவர்களுக்குள் ஒரு கோப்பைக்கு மோதவிடுகிறார்கள் என்று அவர் எனக்கு விளக்கினார். ஆட்டமெல்லாம் நமக்கு நடுராத்திரிக்கு மேல்தான். இவர் இங்கே பார்ப்பார், அவன் ஹாஸ்டல் டிவி ரூமில் பார்ப்பான். சனிக்கிழமை காலையில் என் வீட்டுக் கூடத்தில் அந்த ஆட்டம் மறுபடி நடக்கும்.

என் கணவர் ஆயுளில் ஒரு பந்தை உதைத்ததில்லை. தம்பியோ அவன் யூனிவர்சிட்டி டீமில் இடது ஓரத்தில் ஆடுகிறவன், ஓடினால் பிடிக்க முடியாது. ஆனால் வாயில் இரண்டு பேரும் சமம்தான். ஒருமுறை என் அப்பா அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழத்தோடு வந்திருந்தார். இவர்கள் கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, அந்த ஊருக்காரனுங்க ஒங்களுக்கு மாமனா மச்சானா? நீங்க ரெண்டு பேருதான் மாமன் மச்சான், நீங்க ஏன் அடிச்சிக்கிறீங்க?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த நிமிடம் ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மே மாதம் இறுதி ஆட்டத்தில் கோடும் செவப்பும் நேருக்கு நேர் வந்துவிட்டன. தம்பிக்கு லீவு, எங்கள் வீட்டில்தான் இருந்தான். நான் படுத்துவிட்டேன். விடிந்து எழுந்து வந்தால், தம்பி கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கழுவாத முகத்தில் ஒரு தினுசான அமைதி. என் கணவருக்குக் காலை ஷிப்ட். அதனால் பாதி ஆட்டத்தில், தன் அணி மூன்று கோல் போட்டிருந்த நிலையில், "ராத்திரி பூரா அழுதுக்கினு இருக்காத மச்சான்" என்று தோளில் தட்டிவிட்டுத் தூங்கப் போயிருந்தார். இப்போது பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

"எத்தன? அஞ்சா, ஆறா?"

தம்பி அவரை ஏறிட்டுப் பார்த்தான்.

"ஜாஸ்தி வருத்தப்படாத. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"மாமா, கப்பு நம்முளுது."

"எது?"

"மூணு போட்டோம். அப்பறம் பெனால்டில ஜெயிச்சோம்."

அவர் நம்பவில்லை. விளையாடாதே என்றார். பேப்பரைப் புரட்டினார், அதில் இல்லை, பேப்பர் அச்சாகும்போது ஆட்டம் முடிந்திருக்கவில்லை. தம்பி சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டிருந்ததால் அவருக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர், சாயங்காலம் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "நாலு பேரு சொல்லிட்டானுங்க," என்றார். தம்பி அப்போதுதான் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டு சிரித்தான். என் கணவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மாதிரி ஒன்றை என் தம்பியிடம் பிறகு நான் பார்க்கவில்லை.

அவர்கள் அதிகம் சண்டை போட்டது கோல்களைப் பற்றிக் கூட இல்லை, அடிபட்ட ஆட்டக்காரர்களைப் பற்றி. யாருக்குத் தொடை இழுத்துக்கொண்டது, யார் எத்தனை மாதத்தில் திரும்புவான், யாரை அவசரப்பட்டு இறக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று டாக்டர்கள் மாதிரிப் பேசுவார்கள். ஒரு ஆட்டக்காரன் வலியை மறைத்துக்கொண்டு பெரிய ஆட்டத்தில் இறங்கியதாகச் செய்தி வந்தது. அதற்கு ஒரு சனி, ஞாயிறு முழுவதும் சண்டை நடந்தது.

"பாதி ஆளா எறங்குனா டீமுக்குத்தான நட்டம்?" என்றார் இவர்.

"ஃபைனல்னா எறங்கித்தான் ஆவணும் மாமா. வருசம் பூரா ஓடுனது எதுக்கு? வெளிய ஒக்காந்து கை தட்டவா?"

"கால் போச்சுன்னா?"

"அதெல்லாம் ஆடறவனுக்குத்தான் தெரியும். நீங்க ஷிப்டுக்குப் போங்க."

2006 தொடக்கத்தில் சிதம்பரத்தில் ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தில் தம்பி ஆடினான். அதில் நன்றாக ஆடினால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு எடுப்பார்கள், பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அவன் நேரில் ஆடி நான் பார்த்ததே இல்லை. என் கணவர் லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் வழியெல்லாம், "இன்னிக்கு ஒன் தம்பி கோல் போட்டா நான் ஒத்துக்கறேன், செவப்புதான் பெரிய டீம்னு," என்றார்.

மைதானத்தில் ஒரு மரத்தடியில் நின்றோம். தம்பி எங்களைப் பார்த்துக் கையசைத்தான். இடது முட்டியில் பட்டை மாதிரி ஏதோ சுற்றியிருந்தான். "அது இன்னாது?" என்று கேட்டேன். என் கணவர் அந்தப் பட்டையையே பார்த்தார். முகம் மாறிவிட்டது. அவன் ஒரு வாரமாக முட்டி வலியோடு இருந்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பாதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், தம்பி பந்தோடு எங்கள் பக்கமாக ஓடி வந்தான். அவன் பக்கத்தில் யாரும் இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் அவனைத் தொடவே இல்லை. உள்பக்கமாகத் திரும்பக் காலை ஊன்றினான். கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போனது. விழுந்தவன் கத்தவில்லை. முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். என் கணவர் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். நடுவர் விசில் ஊதி அவரை வெளியே போகச் சொன்னதும், அவர், "என் மச்சான்யா அவன், என் மச்சான்," என்று சொன்னதும் எனக்குக் கேட்டது.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அப்பா பெஞ்சில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி படுக்கையிலிருந்து என் கணவரைத்தான் பார்த்தான்.

"மாமா, லிகமெண்ட்தான? எத்தன மாசம்?"

"ஒம்போது மாசம் மச்சான். நமக்குத் தெரியாததா? கோடு டீமுல அந்த ஃபார்வர்டு இல்ல? அவனுக்கும் இதே முட்டி, இதே லிகமெண்ட். ஒழுங்கா படுத்திருந்துட்டு வந்தான், வந்த ஒடனே கோலு."

"ஆமால்ல," என்றான் தம்பி. அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினான்.

ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை என் கணவர் கூட உட்கார்ந்து செய்ய வைப்பார். ஷிப்ட் முடிந்து அலுத்து வந்தாலும் முதலில் அவன் காலைத்தான் பார்ப்பார். நீட்டு, மடக்கு, இன்னும் கொஞ்சம். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒங்க டீம நெனச்சா வலி தெரியல மாமா, எரிச்சல்தான் வருது," என்பான். டிவியில் அந்தக் கோடு ஃபார்வர்டு வந்தால் அவன் ஓடுவதை இரண்டு பேரும் பார்க்க மாட்டார்கள், அவன் முட்டியைப் பார்ப்பார்கள். எதிர் அணிக்காரனை என் தம்பி வாழ்த்தியது அந்த வருஷம் மட்டும்தான்.

மழைக்காலத்துக்கு முன்பே நன்றாக நடந்தான், பிறகு மெல்ல ஓடினான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஈர மணலில் அவன் ஓடுவதை நானும் அவரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். என் கணவர் அவனோடு கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். 2007 பிறந்ததும் தம்பி சிதம்பரத்துக்குப் போனான். சும்மா பயிற்சிக்குத்தான் இறங்கினான். பழையபடி திரும்பக் காலை ஊன்றினான். அதே முட்டி.

இந்த முறை டாக்டர் ரொம்ப நேரம் பேசவில்லை. நல்ல மனிதர், நேராகச் சொன்னார். "நடக்கலாம் தம்பி. வண்டி ஓட்டலாம். வேல செய்யலாம். பந்து மட்டும் வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் தம்பி டிவியைப் போடவிடவில்லை. அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டான். படிப்பை ஒப்பேற்றி முடித்துக்கொண்டு பண்ருட்டியில் ஒரு உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பூட்ஸை யாருக்குக் கொடுத்தான் என்று தெரியாது. அப்பாவின் முந்திரித் தோப்பையும் அவனே பார்த்துக்கொண்டான். போன் செய்தால் எல்லாம் பேசுவான், பூச்சி மருந்து, மழை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கால்பந்து என்று ஆரம்பித்தால், "கடையில ஆளு நிக்கிறாங்க மாமா," என்று வைத்துவிடுவான்.

கால் இரண்டாம் முறை போன அந்த 2007 மே மாதமே கோடும் செவப்பும் மறுபடியும் இறுதி ஆட்டத்தில் மோதின. இந்த முறை என் கணவர் தூங்கவில்லை. விடிகாலையில் நான் எழுந்தபோது அவர் குளித்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு, கையில் போனோடு விடிவதற்காகக் காத்திருந்தார். அவர் அணி ஜெயித்துவிட்டது. இரண்டு வருஷத்து அவமானம் தீர்ந்தது. ஆறரை மணி ஆனதும் போன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, எனக்கும் சைகை காட்டினார்.

"மச்சான்! பாத்தியா?"

"இல்ல மாமா. தூங்கிட்டேன்."

"ரெண்டு ஒண்ணு! கப்பு நம்முளுது!"

அந்தப் பக்கம் சேவல் கூவுவது கேட்டது. பிறகு தம்பி, "சந்தோசம் மாமா. அக்காவ கேட்டதா சொல்லுங்க," என்றான்.

போனை வைத்துவிட்டு அவர் அடுப்படிக்கு வந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "திட்டவே இல்லியே," என்றார். "ஒரு வார்த்த திட்டியிருக்கலாம்." அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயித்த வீட்டில் துக்கம் நடந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் அவர் தனியாகத்தான் பார்த்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வார். எனக்கு மனசு கேட்காமல் ஒருநாள், "நான் செவப்பு பக்கம்," என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் மறுநாள் காலையில் என்னால் ஆன மட்டும் சண்டை போட்டேன். "ஒங்க கோல்கீப்பர் சரியில்ல," என்பேன். "அவன் நேத்து ஆடவே இல்ல," என்பார். எனக்குச் சண்டை போட வரவில்லை. இருந்தாலும் விடாமல் உட்கார்ந்தேன், அப்படித்தான் எனக்கும் ஆட்டம் புரிய ஆரம்பித்தது.

ஒருநாள் அந்த ஃபார்வர்டு, ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்து கோல் போட்டவன், மறுபடி விழுந்தான். யாரும் தொடாமல், தானாக. என் கணவர் டிவியை அணைத்துவிட்டார். "ஒன் தம்பிகிட்ட சொல்லாத," என்றார். நான் சொல்லவில்லை.

2011 கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்தது. எங்கள் தெருவில் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. ஊரிலிருந்து போனும் வரவில்லை. ரோட்டில் மரங்களை வெட்டி வழி விட்டதும் அரிசி, மெழுகுவத்தி, தண்ணீர் கேன் எல்லாம் வண்டியில் கட்டிக்கொண்டு அண்ணாகிராமத்துக்குப் போனோம். அடையாளம் தெரியவில்லை. முந்திரி மரமெல்லாம் வேரோடு மல்லாந்து கிடந்தது. எப்போதும் நிழலாக இருக்கும் இடத்தில் வெறும் வானம். அப்பா தோப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "எதுவும் நிக்கலடி," என்றாள்.

என் கணவர் லீவு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினார். மறுநாள் காலையில் அவரும் தம்பியும் கோடாலி, ரம்பம் எடுத்துக்கொண்டு கிளைகளைக் கழிக்க ஆரம்பித்தார்கள். நான் டீ கொண்டுபோனபோது, தம்பி ஒரு அடிமரத்தைத் தூக்கிப் புரட்டப் போய் முட்டி மடங்கிச் சரிந்தான். என் கணவர் ஓடிப்போய்ப் பிடித்தார். "ஒண்ணுமில்ல மாமா, அப்பப்ப இப்படித்தான்," என்று சொல்லி அந்த மரத்திலேயே உட்கார்ந்தான். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் டீயைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

டீ பாதி ஆனதும், தம்பி மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்த ஃபார்வர்டு இன்னா ஆனான் மாமா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"மறுபடி முட்டி போச்சு மச்சான். அப்பறம் வந்தான். ஆனா பழைய மாதிரி இல்ல."

"தெரியும்."

"எப்புடி?"

"அன்னிக்கு கடைக்காரு வீட்டுல டிவி ஓடிக்கினு இருந்துச்சு. அவன் விழுந்தத பாத்தேன். ஒங்களுக்கு போன் போடலாம்னு கையில எடுத்தேன். போடல."

"நானும் எடுத்தேன் மச்சான்," என்றார் இவர். "நானும் போடல."

என் தம்பி அப்போதுதான் அழுதான். மைதானத்தில் அழாதவன், ஆஸ்பத்திரியில் அழாதவன். மரத்துக்காக அழுகிறான் என்று நினைத்து, தூரத்திலிருந்த அப்பா, "வுடுப்பா, வேற நட்டுக்கலாம்," என்று குரல் கொடுத்தார். என் கணவர் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல், கிளை வெட்டிக்கொண்டே தம்பி, "அஞ்சு வருசமா இன்னாதான் நடந்துச்சு, சொல்லுங்க," என்றான். இவர் ஆரம்பித்தார். எந்த வருஷம் எவன் ஜெயித்தான், யார் யாரை விட்டு எந்த அணிக்குப் போனான், செவப்பு எப்படிச் சரிந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கரண்ட் வராத அந்த நாட்களில் ஊரில் வேறு பேச்சே கிடையாது, விழுந்த மரத்தின் பேச்சுதான். அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஸ்பெயினையும் ஜெர்மனியையும் பேசிக்கொண்டு மரம் அறுத்தார்கள். தம்பி நடுநடுவே, "அது ஆஃப்சைடு மாமா," என்பான். பார்க்காத ஆட்டத்துக்கு எப்படி ஆஃப்சைடு சொல்கிறான் என்று அவர் கத்துவார். அப்பா கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

தோப்பு திரும்ப வரவில்லை. புதுக் கன்று காய்க்கப் பல வருஷம் பிடிக்கும், அப்பாவுக்கு அந்தப் பொறுமை போய்விட்டது. தம்பி வேலையை விடாமல் வைத்துக்கொண்டான். மரத்தைக் கழித்ததில் முட்டி இன்னும் மோசமாகி, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தான். இருபத்தெட்டு வயசுகூட ஆகவில்லை.

2012 மே மாதம், இறுதி ஆட்டம் நடந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவன் கடலூருக்கு வந்தான். அந்த வருஷம் கோடும் இல்லை, செவப்பும் இல்லை. ஒரு ஜெர்மன் அணியும் இங்கிலாந்தில் ஒரு நீல அணியும். முந்தின ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் இல்லாததால் இவரும் பார்த்திருக்கவில்லை. முடிவைக் காதில் வாங்காமல், மறு ஒளிபரப்புக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாருடைய அணியும் இல்லாததால் சத்தம் குறைவாக இருந்தது, வேண்டாதவர் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்த மாதிரி. ஆனாலும் பேசினார்கள். நான் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு வந்து வந்து பார்த்தேன்.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜெர்மன் அணிக்காரன் ஒருவன் அடிபட்டுக் கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டான். டிவியில் அவன் முகத்தைப் பக்கத்தில் காட்டினார்கள். தம்பி எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டான். ஒரு டம்ளரை எடுத்தான், தண்ணீர் பிடிக்கவில்லை, வெறும் டம்ளரோடு என் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, எழுந்துட்டானா பாரு."

நான் கதவோரம் போய்ப் பார்த்தேன். என் கணவர் டிவியைப் பார்க்காமல் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லடா," என்றேன். "வெளிய கூட்டிட்டுப் போறாங்க. வேற ஆளு எறங்கறான்."

"நடக்கறானா?"

"நடக்கறான். நொண்டுறான், ஆனா நடக்கறான்."

அவன் டம்ளரில் தண்ணீர் பிடித்தான். குழம்பு பொங்கி வந்தது. நான் தீயைக் குறைத்தேன்.